தொட்டியில் இருந்தவை

ஆகஸ்ட் 6

கோகிலா இந்த டைரியை வாங்கிக் கொடுத்தபோது, "அம்மா தெனமும் என்ன பண்றாங்க, என்ன பேசறாங்கன்னு ரெண்டு வரி எழுதி வைங்கப்பா. நான் வந்து பாக்கறேன்" என்றாள். ஜூன் மாதம் அவளும் மாப்பிள்ளையும் வேலை மாற்றலாகிப் புனேவுக்குப் போனார்கள். போகும்போது இந்த டைரியையும் அவர்கள் வீட்டு மீன் தொட்டியையும் எங்களிடம் விட்டுப்போனார்கள். தொட்டியை ஹாலில் ஜன்னலை ஒட்டி வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறேன். டைரியை இன்றுதான் திறக்கிறேன். மில்லில் முப்பது வருடம் துணியின் தரம் பார்த்தவன் நான். எந்தக் கெஜத்தில் இழை விட்டிருக்கிறது, எந்தக் கெஜத்தில் கறை இருக்கிறது என்று எழுதிக்கொண்டே இருப்பேன். பெண்டாட்டியைப் பற்றி அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்று எழுத வேண்டியதாகிவிட்டது. காலையில் துளசிமணி தொட்டிக்கு முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க. தொட்டிக்குள்ளார என்னமோ கையாட்டுதுங்க."

"மீனா?"

"மீனு இல்லீங்க. இத்தினியூண்டா, வெள்ளையா. கண்ணாடியப் புடிச்சுட்டு நின்னுட்டு கையாட்டுதுங்க."

"எங்க?"

அவள் விரல் வைத்த இடத்தில் நானும் விரல் வைத்துத் தட்டினேன். பச்சைச் செடி, கூழாங்கல், கப்பி மீன்கள். வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணுமில்லயே துளசி."

"இப்ப போயிருச்சுங்க" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சாம்பாரில் உப்பு கூடுதல். எனக்குத்தான் கொஞ்ச நாளாக நாக்கு சரியில்லை.

ஆகஸ்ட் 10

மறுபடியும் கூப்பிட்டாள். இப்போது கையாட்டுவது மட்டுமில்லையாம். தூசி மாதிரி என்னவோ துள்ளித் துள்ளி ஓடுகிறதாம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். எனக்கு வலது கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது. இடது கண் இன்னும் மங்கல். ஆனாலும் அப்படி ஒன்று இருந்தால் தெரியாமலா போகும்?

கேஸ் அடுப்பின் திருகு லொடலொடவென்று இருக்கிறது. தானாகத் திறந்துகொள்கிறது. மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13

கோயிலுக்குப் போனவள் திரும்பி வரத் தாமதமாயிற்று. யாரோ ஒரு பெண் ஆட்டோவில் கூட்டி வந்து விட்டுப்போனாள். நம் தெருவில் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். யாருக்கும் வழி குழம்பத்தான் செய்யும்.

மாலை கோகிலாவிடம் பேசும்போது வாய் தவறித் தொட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"அப்பா, இல்லாததெல்லாம் பாக்கறாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. கண்ணு கோளாறா இருக்கும்."

"கண் டாக்டர் வேண்டாம்ப்பா. நான் போன்லயே ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கறேன். கூட்டிட்டுப் போங்க."

ஆகஸ்ட் 18

மனநல டாக்டரிடம் போனோம். சின்ன வயதுக்காரர், அவசரக்காரர். துளசியைத் தேதி கேட்டார். நானே காலண்டரைப் பார்த்துத்தான் சொல்லுவேன். ஒரு வட்டம் போட்டுக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். எண்களை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிட்டு மறுபக்கத்தை வெறுமனே விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டு ஐம்பது வருடம் ஆன பெண் பென்சிலைப் பிடித்தால் அப்படித்தான் வரும்.

"வீட்டுல வேற எங்கயாவது இப்படித் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

துளசி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன் நான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். அது சாப்பிட்டால் கையாட்டுவதெல்லாம் நின்றுவிடுமாம்.

ஆகஸ்ட் 27

நின்றுவிட்டது. எல்லாமே நின்றுவிட்டது.

நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்த மேனிக்கு இருக்கிறாள். எழுந்தால் தரையை உரசிக்கொண்டு குட்டிக் குட்டி அடியாக நடக்கிறாள். கையை மடக்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி விறைத்து நிற்கிறது. வாயோரம் எச்சில் வடிகிறது. நான் துடைக்கும்போது கண் மட்டும் என்னைப் பார்க்கிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். முதலில் அப்படித்தான் இருக்கும், உடம்பு பழகிக்கொள்ளும் என்றார்.

தொட்டி இருக்கும் பக்கமே அவள் திரும்புவதில்லை. கோகிலா வீடியோவில் பார்த்துவிட்டு அழுதாள்.

செப்டம்பர் 4

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மதியம் துளசிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, தொட்டிக்கு எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடவில்லை, கரண்ட் இல்லை. தண்ணீர் அசையாமல் நின்றது. நான் தட்டவும் இல்லை. கண்ணாடியில் ஒரு நூல் நுனி ஒட்டியிருப்பது போலத் தெரிந்தது. எழுந்து போய், துணியில் இழை எண்ணுவதற்கு மில்லில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து அந்த இடத்தில் வைத்தேன்.

இருக்கிறது.

வெள்ளையாக ஒரு தண்டு. அதன் அடி கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. தலையில் ஐந்தாறு கைகள், பிரிந்த நூல் மாதிரி, மெதுவாக நீண்டும் சுருங்கியும் தண்ணீரைத் துழாவுகின்றன. விரலால் கண்ணாடியை லேசாகத் தட்டினேன். சட்டென்று சுருங்கி ஊசி குத்திய புள்ளியாகிவிட்டது. அவள் கூப்பிட்டபோதெல்லாம் நான் போய்த் தட்டினேன். தட்டித் தட்டியே அவளைப் பைத்தியமாக்கியிருக்கிறேன்.

நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். செடியில், கல்லில், குழாயில் எல்லாம் அதுதான். நடுவே துள்ளி ஓடும் வெள்ளைப் பொடிகளும் உண்டு. அவள் சொன்னது ஒன்றுவிடாமல் இருந்தது.

ஓடிப்போய் அவள் முன்னால் மண்டி போட்டேன். "துளசி, இருக்குது! நீ சொன்னது அத்தனையும் இருக்குது!"

நாக்கு குழற, நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: "நாந்தான் சொன்னனே."

அந்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 5

மீன் கடைக்குப் போய்ப் போட்டோவைக் காட்டினேன். கடைக்காரர் பார்த்த உடனே, "ஹைட்ராங்க சார். புதுச் செடியோட வந்திருக்கும். துள்ளறது சும்மா தண்ணிப் பூச்சி, அது ஒண்ணும் பண்ணாது. ஆனா இந்த ஹைட்ரா குட்டி மீனு இருந்தா புடிச்சுப்போடும். மருந்து தரட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன். கோகிலா பார்க்க வேண்டும், அந்த டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை அவை உயிரோடு இருக்கட்டும்.

கோகிலாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். அவள் மெதுவாகப் பேசினாள்.

"சரிங்கப்பா, தொட்டில இருக்கறது நெசந்தான். ஆனா போன பொங்கலுக்கு, மாமா வந்து உக்காந்திருக்காருன்னு காபி போட்டு வெச்சாங்களே? மாமா செத்து எத்தன வருசமாச்சு?"

"பழக்க தோசத்துல வெச்சிருப்பா."

"அந்தக் காபிய எடுத்து நீங்களே குடிச்சீங்கப்பா. நான் பாத்தேன்."

லைன் சரியாகக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14

இந்தப் பக்கத்தை நன்றாக எழுத வேண்டும். கோகிலா படிக்கட்டும்.

மாத்திரையை நிறுத்தியபின் ஒவ்வொரு நாளும் துளசியின் உடம்பு இளகி வந்தது. இன்று காலை தானே எழுந்து பல் விளக்கி, தலை சீவி, கதம்பம் கேட்டாள். மதியம் அரிசிம்பருப்புச் சாதம் செய்தாள். பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டு, நெய் ஊற்றி, அதே பழைய கை. நான் பக்கத்தில் நின்று சும்மா வெங்காயம் உரித்தேன். சாப்பிடும்போது, "மருந்து குடிச்சப்ப பொதைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சுங்க. நீங்க பேசறது அல்லாம் கேக்குது, வாயத் தொறக்க முடியலீங்க" என்றாள்.

"இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்" என்றேன்.

சாயங்காலம் இருவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்து பூதக்கண்ணாடியில் மாறி மாறிப் பார்த்தோம். "இதுக்கு வவுறு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போய்த் திரும்புகிற மாதிரி இருந்தது எனக்கு.

செப்டம்பர் 21

பெரிய கப்பி குட்டி போட்டிருக்கிறது. கண்ணும் வாலுமாகக் கொசுப்புழு அளவில் குட்டிகள். துளசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மதியம் வரைதான்.

குழாய் ஓரமாகப் போன ஒரு குட்டியை அந்தக் கை தொட்டது. தொட்டதுமே குட்டி துவண்டுவிட்டது. மற்றக் கைகளும் வந்து சுற்றிக்கொண்டன. துளசி கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள்.

"திங்குதுங்க! ஐயோ, உசுரோட திங்குதுங்க! மருந்து வாங்கியாந்து கொன்னுபோடுங்க!"

"ஆயுத பூசைக்கு கோகிலா வர்றா துளசி. அவ ஒருக்கா கண்ணால பாத்துரட்டும். அப்பறம் நானே கொல்றேன்."

"அதுக்குள்ள புள்ளைக அல்லாம் போயிருமுங்களே."

"போன்ல காட்டுனா அவ நம்ப மாட்டேங்கறா. நேர்ல பாக்கட்டும்."

எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளரில் சில குட்டிகளையாவது பிடித்துவைக்கலாம் என்று முயன்றேன். என் கைக்கு அகப்படவில்லை.

செப்டம்பர் 23

குட்டிகள் ஒன்றும் மிஞ்சவில்லை.

செப்டம்பர் 29

சோற்றில் இருக்கிறதாம்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்து வந்து சோற்றைப் பரப்பிப் பார்த்தேன். பருக்கைதான். ரசத்தை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்த்தேன். கொத்துமல்லித் தழை கிடந்தது. அரிசியில் புழு இருந்திருக்கலாம், வேகும்போது கரைந்திருக்கலாம். இருந்த அரிசியை எல்லாம் கோழிக்குப் போடச் சொல்லிப் பால்காரரிடம் கொடுத்துவிட்டுப் புது அரிசி வாங்கினேன்.

தொட்டியிலும் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே.

அக்டோபர் 3

புது அரிசியிலும் இருக்கிறதாம். ரொட்டிதான் தின்கிறாள், அதையும் உதறி உதறி.

படுக்கை விரிப்பில் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் விரிப்பை இழுத்துப் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். மில்லில் ஒரு தான் துணியைக்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. இழைகள். ஒன்றின் மேல் ஒன்று போகிற, எனக்கு நன்றாகத் தெரிந்த இழைகள். எங்காவது ஒன்று அசையாதா என்று கண்ணீர் வரும்வரை பார்த்தேன். ஒன்றே ஒன்று அசைந்தால் போதும்.

பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "இங்க பாருங்க, தோலுக்குள்ள போகுதுங்க."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். ரேகைகள், பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. வேறு ஒன்றும் காணோம்.

"தெரியுதுங்களா?"

இடது கண்ணுக்கும் புரை எடுத்துவிட வேண்டும். "சரியா வெளிச்சம் இல்ல துளசி" என்றேன்.

அக்டோபர் 8

தலையணையைப் பிரித்துப் பார்த்தேன். பஞ்சு.

அக்டோபர் 11

குளிக்க வைத்திருந்த வெந்நீர் சரிந்து என் கழுத்திலும் இடது தோளிலும் பட்டுவிட்டது. தவறு என்னுடையது. பாத்திரத்தை ஓரத்தில் வைத்திருந்தேன். தோல் உரிந்திருக்கிறது, பெரிதாக ஒன்றுமில்லை. தெருமுனை கிளினிக்கில் கட்டுப் போட்டுவிட்டார்கள்.

தொட்டியில் மீன்கள் இல்லை.

அக்டோபர் 12

ஹாலைக் கழுவித் துடைத்தேன். தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தேன். ரொட்டி, பால், களிம்பு வாங்கினேன்.

அக்டோபர் 21

காலை கோகிலா வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு காலியாகக் கிடந்த தொட்டியைப் பார்த்தாள்.

"என்னாச்சுப்பா?"

"குளிக்க வெச்ச வெந்தண்ணி..."

"தொட்டி?"

"மீனுக்குச் சீக்கு வந்துருச்சு."

சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த துளசி சொன்னாள்: "நாந்தான் ஊத்துனங்கண்ணு."

கோகிலா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். துளசி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பன் கொல்ல மாட்டேன்னுட்டாரு. குட்டியெல்லாம் தின்னுபோட்டு அதுக சோத்துக்கு வந்துருச்சுக, படுக்கைக்கு வந்துருச்சுக. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வெச்சு தொட்டியில ஊத்துனேன். திரும்புனா, அப்பன் கழுத்துல புடிச்சுட்டு நிக்குதுக கண்ணு. கொத்துக் கொத்தா. மீதித் தண்ணிய..."

முடிக்காமல் என்னைப் பார்த்தாள். "நானு உங்களக் காப்பாத்தத்தானுங்க ஊத்துனேன்."

"தெரியும் துளசி" என்றேன். அது எனக்குத் தெரியும். அன்றே தெரியும். பாத்திரத்தோடு என்னை நோக்கி வந்தபோது அவள் முகத்தில் கோபமே இல்லை. அவளுடைய பிள்ளையைப் பாம்பு சுற்றியிருந்தால் எப்படி ஓடி வருவாளோ அப்படித்தான் வந்தாள்.

மதியம் கோகிலா இந்த டைரியை எடுத்துப் படித்தாள். நான் தடுக்கவில்லை. படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"அந்தக் கடைக்காரர் மருந்து தர்றேன்னு சொன்னாருல்ல? எதுக்குப்பா அதுகள உசுரோட வெச்சிருந்தீங்க?"

"உனக்குக் காட்டத்தான்."

"எனக்கு எதுக்குப்பா காட்டோணும்?"

"உங்கம்மா பைத்தியமில்லைன்னு."

"நான் எப்பப்பா அம்மாவப் பைத்தியம்னு சொன்னேன்?"

எனக்கும் நினைவில்லை. அவள் சொன்னதே இல்லை. அந்தச் சொல்லை இந்த வீட்டில் நினைத்தது நான் ஒருவன்தான்.

அக்டோபர் 27

நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நடுவயதுப் பெண்மணி. அவசரப்படவில்லை. வீட்டில் வேறு எங்கெல்லாம் தெரிகிறது என்று அவரும் கேட்டார். இந்த முறை நான் எல்லாவற்றையும் சொன்னேன். மைத்துனருக்கு வைத்த காபி, எரியாமல் திறந்து கிடந்த கேஸ், ஆட்டோவில் வந்தது, இதில் எழுதாமலே விட்ட இன்னொன்று: தூக்கத்தில் எழுந்து யாரையோ அடிப்பது. சொல்லச் சொல்லத் துளசி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

படம் எடுத்து, ரத்தம் எடுத்து, மாலையில் கூப்பிட்டுச் சொன்னார். நோய்க்கு நீளமான ஆங்கிலப் பெயர். கோகிலா எழுதிக்கொண்டாள். எனக்கு அதை இங்கே எழுத மனமில்லை. கண்ணுக்கு இல்லாதது தெரியும். சில நாள் தெளிவாக இருப்பார், சில நாள் இருக்கமாட்டார். உடம்பு மெல்ல மெல்ல இறுகும். முதலில் கொடுத்த மாத்திரை இந்த நோய்க்காரர்களுக்கு ஆகாது. நிறுத்தியது நல்லதுதான். ஆனாலும் ஒரு டாக்டரிடம் கேட்டுத்தான் செய்திருக்க வேண்டும். வேறு மருந்து தருகிறாராம், கொஞ்சம் கைகொடுக்குமாம். நோய் திரும்பிப் போகாது.

"டாக்டரம்மா, தொட்டியில இருந்தது நெசமுங்க. நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"இருந்திருக்கும் சென்னியப்பன் சார். நான் இல்லைன்னு சொல்லல."

"அத அவதான் மொதல்ல கண்டுபுடிச்சா."

"ஆமாங்க. நல்லா கவனிச்சிருக்காங்க. ஆனா அது நெசம்ங்கறதால மத்ததும் நெசமாயிடாதுங்களே."

இந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதமாக நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன். அது என் முன்னாலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

வெளியே வந்து ஆஸ்பத்திரி கேண்டீனில் காபி வாங்கினோம். துளசி டம்ளருக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள்.

நவம்பர் 1

கோகிலா இருவரையும் புனேவுக்குக் கூப்பிடுகிறாள். புது ஊர், புது பாஷை, புது வீடு என்றால் குழப்பம் கூடும் என்று டாக்டர் சொன்னார். காலை முதல் மாலை வரை கூட இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுப்பறைக்குப் பூட்டு. கோகிலா நாளை புறப்படுகிறாள். அவள் அழுகிறபோது எல்லாம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். சத்தத்தை வைத்து எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 4

துளசிக்கு இன்று தெளிவான நாள். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். என் வேட்டியை உதறியபடி கேட்டாள்.

"நானு பாக்கறதுல பாதி இல்லீங்கறீங்கல்ல?"

"ம்."

"பாதி இருக்குது."

"இருக்குது."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டத்தான் தெரியுதுங்க. எது எதுன்னு பிரிக்கத் தெரியல." வேட்டியைக் கொடியில் போட்டு நுனியை நேராக்கினாள். "அதனால இனி நானு உங்களக் கேக்கறனுங்க. இருக்குதுன்னா இருக்குதுன்னு சொல்லுங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லுங்க. என்ற மனசு நோகுமுன்னு மழுப்பக் கூடாது. நீங்க சொல்றத நானு நம்பிக்கறேன்."

கிளிப்பை எடுத்து நீட்டினேன். வாங்கிக் குத்தினாள்.

நவம்பர் 10

கேட்கிறாள். நான் சொல்கிறேன்.

மதில்மேல் பூனை: இருக்கிறது. ஃபேனில் தொங்கும் குழந்தைகள்: இல்லை. வாசலில் போலீஸ்காரர்: இல்லை. அது கூரியர்காரர், காக்கிச் சட்டை போட்டிருந்தார். தண்ணீர்க் குடத்தில் அந்தக் கைகள்: இல்லை. இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுகிறாள். அவள் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. எவ்வளவு பயத்தை விழுங்குகிறாள்.

நேற்று பெரிய தவறு செய்துவிட்டேன். செருப்புக்குள் என்னமோ நெளிகிறதா என்று கேட்டாள். கேட்டுக் கேட்டு வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது எனக்கு, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் இல்லை என்றுவிட்டேன். அவள் நம்பிச் செருப்பில் காலை விட்டாள். உள்ளே பூரான் இருந்திருக்கிறது. கால்விரல் வீங்கிவிட்டது. வலியில் முனகினாளே தவிர என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

இனி எழுந்து போய்ப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டேன்.

நவம்பர் 13

நாளெல்லாம் கேட்டாள். நாளெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தேன். முட்டி வீங்கிவிட்டது.

நவம்பர் 19

மூன்று நாளாகத் தெளிவில்லை. என்னை யாரோ மில்காரர் என்று நினைத்துக்கொண்டு, "அவரு வெளிய போயிருக்காரு, அப்பறம் வாங்க" என்று கதவருகே நிற்க வைத்துவிட்டாள். நின்றேன். வேலைக்கார அம்மா வந்து, "ஐயாதானுங்கம்மா" என்று சொல்லிக் கூட்டிப் போனாள்.

இன்று மதியம் சாப்பாடு முடிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் மடியில் விழுந்திருந்தது. மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன். நெடுநேரம் என்னையே பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, பிறகு மறுபடி முகத்தை.

"ஏனுங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டே பல நாளாகிவிட்டது.

"சொல்லு துளசி."

"இங்க ஒருத்தரு நிக்கறாருங்க. உங்களாட்டமே இருக்காரு." கொஞ்சம் தயங்கினாள். "இருக்குதுங்களா?"

பூனைக்கும் பூரானுக்கும் எழுந்து போய்ப் பார்த்துப் பதில் சொல்லலாம். இதற்கு நான் எங்கே போய்ப் பார்ப்பேன்? அவள் விரல்களைக் கட்டிலின் சட்டத்தில் இறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"இருக்குது" என்றேன். "இருக்கறேன் துளசி. நாந்தான்."

நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். காலை மடக்கி, மெல்ல நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டாள்.